வேலைப் பலகையில் பாயிண்ட் விளையாட்டு: கடைக்கு ஆகுமா?

சென்ற மாதச் சங்கக் கூட்டம் முடிந்து காபி சாப்பிடும்போது பலசரக்குக் கடை உறுப்பினர்கள் சிலர் நம்மிடம் ஒரு விஷயம் கேட்டனர். கடை ஆட்களின் வேலையைச் செல்போனிலேயே பார்த்துக்கொள்ள ஒரு ஆப் விற்க வருகிறார்கள். அதில் பாயிண்ட், பதக்கம், முதலிடம், இரண்டாமிடம் எல்லாம் உண்டாம். வாங்கலாமா என்பதே கேள்வி. நமது கடையில் ஒன்றரை ஆண்டாக இதைப் போட்டுப் பார்த்து, லாபமும் கண்டு நஷ்டமும் பட்டிருக்கிறோம். ஆகவே கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறோம்.

முதலில் ஆப் என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். முன்பு கடைகளில் ஆர்டர் சிட்டைகளைக் கம்பியில் குத்தி வைப்போம். சரக்கு எடை போட்டதும் ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிக்குச் சிட்டை போகும். அதே காரியம்தான் செல்போனில் நடக்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு அட்டை. அட்டையில் யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று இருக்கும். முடிந்ததும் அவரே ‘முடிந்தது’ என்று தொட்டுவிடுவார். முதலாளி வெளியூரில் இருந்தாலும் எந்த ஆர்டர் எங்கே நிற்கிறது என்று தெரியும். டிரெல்லோ, ஆசனா, நம் நாட்டு ஜோஹோ என்று பல நிறுவனங்கள் இதைத் தருகின்றன. இந்த மட்டில் நாம் இதைக் குறை சொல்லமாட்டோம். ‘நான் சொன்னேனே’, ‘என்னிடம் சொல்லவில்லையே’ என்ற சண்டை நமது கடையில் பாதியாகக் குறைந்தது.

இதன் மேல் ஏற்றி வைப்பதுதான் விளையாட்டு. ஆசனாவில் ஒரு வேலையை முடித்தால் சில சமயம் ஒற்றைக் கொம்புக் குதிரை ஒன்று ஸ்கிரீனில் பறந்து போகும். அவ்வளவுதான், பரிசும் இல்லை பணமும் இல்லை. டோடூயிஸ்ட் என்பதில் பாயிண்டுக்குக் ‘கர்மா’ என்றே பெயர். வேலை முடித்தால் கர்மா ஏறும். நான்கு நாள் தாண்டியும் செய்யாமல் கிடந்தால் இறங்கும். 50,000 பாயிண்ட் எடுத்தவர் ஞானம் பெற்றவராம். (ஆசனம், கர்மா என்று நம் ஊர்ச் சொற்களை எடுத்து நமக்கே விற்கிறார்கள்.) ஹாபிட்டிக்கா என்ற இன்னொன்றில், அரக்கனோடு குழுவாகச் சண்டை போடும்போது ஒருவர் அன்றாட வேலையைத் தவறவிட்டால் குழுவில் உள்ள அத்தனை பேருக்கும் அடி விழும்.

இது வியாபாரிகளுக்குப் புதிதே அல்ல. மூட்டைக்கு ஒரு கூப்பன், பாக்கெட்டுக்குள் பரிசுச் சீட்டு, டார்கெட் முடித்த டீலருக்கு வெளிநாட்டுப் பயணம் என்று நாமே எத்தனை பார்த்திருக்கிறோம். அமெரிக்காவில் சரக்கு வாங்குவோருக்குப் பச்சை ஸ்டாம்பு கொடுத்து, அதை ஒட்டி நிரப்பிய புத்தகத்துக்குப் பாத்திரம் பண்டம் கொடுக்கும் முறை 1896-லேயே வந்துவிட்டது.

இந்த முறை ஏன் வேலை செய்கிறது என்பதற்கு ஒரு சோதனையைச் சொல்லலாம். 2006-ல் நூனஸ், டிரேஸ் என்ற இரு பேராசிரியர்கள் வெளியிட்டது. கார் கழுவும் கடை ஒன்றில் 300 அட்டை கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு, 8 முத்திரை சேர்ந்தால் ஒரு முறை இலவசம் என்ற அட்டை. மறுபாதிக்கு 10 முத்திரை வேண்டும் என்ற அட்டை, ஆனால் இரண்டு முத்திரை முன்கூட்டியே குத்தியிருக்கும். இருவருமே இன்னும் 8 முறை வர வேண்டும்; கணக்கில் வித்தியாசமே இல்லை. முதல் வகையில் 19 சதவீதம் பேர் அட்டையை நிரப்பினர். இரண்டாம் வகையில் 34 சதவீதம். தொடங்கிவிட்டோம் என்ற எண்ணம் வந்துவிட்டால் மனிதன் முடிக்கப் பார்க்கிறான். ஆப்பில் காலியாக இருக்கும் பட்டை கொஞ்சம் கொஞ்சமாக நிறைவதும் இந்தத் தந்திரம்தான். மளிகைக் கடை உறுப்பினர்கள் தங்கள் வாடிக்கையாளர் அட்டையிலும் இதைச் செய்து பார்க்கலாம், செலவில்லாத காரியம்.

இனி நமது கதைக்கு வருகிறோம். நம்மிடம் 14 பேர் வேலை செய்கிறார்கள். மகனின் ஏற்பாட்டில், முடித்த அட்டை ஒன்றுக்கு 10 பாயிண்ட் என்று வைத்தோம். கடை முன்புறம் டிவி ஒன்றை மாட்டி, யாருக்கு எத்தனை என்று வரிசையாக ஓடவிட்டோம். மாத முதலிடத்துக்கு ஒரு குக்கர் பரிசு. முதல் மாதம் கடை திருவிழாப் போல இருந்தது. மதியத்துக்குப் போக வேண்டிய லோடு பதினோரு மணிக்கே லாரியில் ஏறியது. விற்க வந்தவர் சொன்னது சரிதான் என்று நாமும் நம்பினோம்.

இரண்டாம் மாதம் பையன்கள் கணக்குப் படித்துவிட்டார்கள். ஒரு கடைக்கு எட்டு அயிட்டம் ஆர்டர் வந்தால் அது எட்டு அட்டையாக ஆனது. ஒரே மல்லி மூட்டையை இறக்கியது ஒரு அட்டை, நகர்த்தியது ஒரு அட்டை. அவசரத்தில் எடுத்துப் போட்டதால் சீரகத்தில் மட்டம் மாறிப் போய் நான்கு கடைகளிலிருந்து சரக்குத் திரும்பி வந்தது. திரும்பி வந்ததை மறுபடி எடுத்து வைத்ததற்கும் பாயிண்ட் விழுந்தது என்பதுதான் வேடிக்கை. மாதக் கடைசியில் டார்கெட்டுக்காகக் கம்பெனிச் சரக்கை நம் தலையில் தள்ளிவிட்டு, அடுத்த மாதம் ‘ரிட்டர்ன்’ எடுக்க மாட்டேன் என்று சொல்லும் விற்பனைப் பிரதிநிதிகளை நாம் திட்டாத நாளில்லை. அதையே நமது கடைக்குள் நாமே உண்டாக்கி வைத்திருந்தோம்.

குக்கரோடு போயிருந்தால் பரவாயில்லை. கிட்டங்கியைப் பார்த்துக்கொள்பவர் 38 ஆண்டாக நம்மோடு இருப்பவர். மூட்டைகளைத் தரையில் படாமல் கட்டை மேல் அடுக்குவது, பழைய சரக்கை முன்னால் கொண்டு வருவது, கையை உள்ளே விட்டு ஈரம் பார்ப்பது, எலி வரும் பொந்தை அடைப்பது எல்லாம் அவர் வேலை. இதில் ஒன்றுக்கும் அட்டை கிடையாது. யாரும் சொல்லிச் செய்வதல்லவே. ஆகவே டிவியில் அவர் பெயர் பதினான்காவதாகவே கிடந்தது. ஒரு நாள் சாயங்காலம் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார். “அண்ணாச்சி, டீ குடிக்க வர்ற டிரைவரெல்லாம் என் பேரு கடைசியில கெடக்கதப் பாத்துச் சிரிக்கான். நான் வேல செய்யலன்னா சொல்லிருங்க, போயிருதேன்” என்றார். நமக்குப் பதில் வரவில்லை. அவர் மனம் விட்டுப் போயிருந்த அந்த நாட்களில் அடியில் கிடந்த துவரம்பருப்பு 11 மூட்டையில் வண்டு விழுந்திருந்தது. அது பிறகுதான் தெரிந்தது.

மகன் அதன் பிறகு படித்துப் பார்த்துச் சொன்ன செய்திகளைக் கேட்டபோது, நாம் விழுந்த குழியில் பெரிய பெரிய நிறுவனங்களே விழுந்திருப்பது தெரிந்தது. கலிபோர்னியாவில் உள்ள டிஸ்னிலாண்ட் ஓட்டல்களின் சலவைக்கூடத்தில் 2008-ல் பெரிய ஸ்கிரீன் வைத்து, யார் எவ்வளவு வேகம் என்று பெயரோடு காட்டினார்கள். பின்தங்கினால் சிவப்பு. தொழிலாளர்கள் அதற்கு ‘மின்சாரச் சாட்டை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். 2012-ல் கார்ட்னர் என்ற ஆய்வு நிறுவனம், அப்போது இப்படி விளையாட்டு ஏற்றிய ஆப்களில் 80 சதவீதம் 2014-க்குள் நினைத்த பலனைத் தராமல் போகும், சரியாக வடிவமைக்காததே முக்கியக் காரணமாக இருக்கும் என்று கணித்தது.

எல்லாவற்றிலும் நமக்கு உறைத்தது வார்ட்டன் வணிகப் பள்ளியின் மாலிக், ராத்பார்டு இருவரும் செய்த ஆராய்ச்சி. விற்பனை ஆட்களுக்குக் கூடைப்பந்து மாதிரி ஒரு விளையாட்டு வைத்தார்கள். ஆர்டர் பிடித்தால் கூடையில் பந்து விழுந்ததாகக் கணக்கு. விளையாட்டுக்கு மனதார ஒத்துக்கொண்டவர்களுக்கு வேலையில் உற்சாகம் கூடியது. ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, இருந்த உற்சாகமும் குறைந்தது. விளையாட்டு இருவருக்கும் ஒன்றேதான். நாம் 14 பேரில் ஒருவரிடமாவது ‘வருகிறாயா’ என்று கேட்டோமா? இல்லை. சம்பளம் கொடுக்கிறவர் விளையாடு என்றால் அது விளையாட்டா?

அதன் பின் முறையை மாற்றினோம். டிவியில் பெயர் ஓடுவதை அன்றே நிறுத்தினோம். அட்டைக்குப் பாயிண்ட் இல்லை. ஒரு முழு ஆர்டர் குறைவின்றிப் போய்ச் சேர்ந்து, ஏழு நாளில் ரிட்டர்ன் வராவிட்டால்தான் பாயிண்ட். அதுவும் எடை போட்டவர், கட்டியவர், ஏற்றியவர் எல்லோருக்கும் சேர்த்து. கிட்டங்கி வேலைகளை அந்தப் பெரியவரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு அட்டையாக எழுதினோம்; 23 வேலை வந்தது. அதில் ஆறேழு இருப்பதே நமக்குத் தெரியாது. வேண்டாம் என்றவர்களை விட்டுவிட்டோம், மூன்று பேர் இன்றும் விளையாட்டில் இல்லை. சம்பளம், போனஸ், லீவு எதற்கும் பாயிண்டைத் தொடுவதில்லை. வசூலுக்குப் பாயிண்ட் வைக்கும்படி விற்பவர் வற்புறுத்தினார். அதை மட்டும் ஏற்கவில்லை. பாயிண்டுக்காகப் பையன் ஒரு சின்னக் கடைக்காரர் வாசலில் நின்று சத்தம் போட்டால், போவது இருபது வருட வாடிக்கை.

வேகம் முதல் மாதம் போல இல்லை. ரிட்டர்ன் மட்டும் நன்றாகக் குறைந்திருக்கிறது. வாங்க நினைக்கும் உறுப்பினர்கள் முதல் மூன்று மாதம் வேலைப் பலகையை மட்டும் ஓட்டிப் பார்க்கலாம். ஐந்து பேருக்குக் குறைவாக ஆள் உள்ள கடைக்கு அந்தச் செலவும் தேவையில்லை, கம்பியும் சிட்டையுமே போதும். பாயிண்ட் பகுதியை அணைத்து வைக்க வழி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவும். டோடூயிஸ்டிலும் ஆசனாவிலும் அணைக்க முடியும்.

கிட்டங்கிப் பெரியவர் இப்போதும் ஆப்பைத் தொடுவதில்லை. அவர் சொல்லச் சொல்லப் பையன் ஒருவன் அட்டையைத் தொடுகிறான். சாயங்காலம் கடை அடைக்கும் நேரத்தில் “இன்னைக்கு என்னல ஆச்சு?” என்று அவனிடம் மெதுவாகக் கேட்டுக்கொள்கிறார். டிவியில் இப்போது பருப்பு விலை ஓடுகிறது.