நடுங்கும் இதயமும் நடுங்கும் உடலும்

மழைக்கால இரவில், மஸ்கெலியா மலைமடிப்பிலிருந்து வானொலிப் பெட்டியைத் திருப்பும் நேயர்கள் பேச்சோடு கரகரப்பும் வருவதை நன்கறிவர். இதயத்தின் மின்னலைகளைத் தாளில் வரையும் ஈ.சி.ஜி. கருவிக்கும் இத்தொல்லை உண்டு. மார்பின் தோலை வந்தடையும் மின்னழுத்தம் ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட்டே. மின்கம்பியிலிருந்து வினாடிக்கு 50 அலைகளாக வரும் இரைச்சலும், மூச்சின் ஏற்றத்தாழ்வும், குளிரால் நடுங்கும் தசைகளின் அதிர்வும் அதனோடு கலந்துவிடுகின்றன. மலைநாட்டில் கடைசியாகச் சொன்னது சிறு தொல்லையன்று.

இதயத்தின் மேலறைகளாகிய சோணையறைகள் ஒழுங்காகச் சுருங்காது, நிமிடத்துக்கு 350 முதல் 600 தடவை வரை தாறுமாறாகத் துடிக்கும் நோயொன்று உண்டு. ஏட்ரியல் பிப்ரிலேஷன் என்பர் வைத்தியர். அறையில் தேங்கும் இரத்தம் உறைந்து, அக்கட்டி மூளையை அடைந்தால் பக்கவாதம் நேரும். அதுவரை நோயாளிக்கு ஓர் உபாதையும் தோன்றாதிருக்கலாம். ஒல்லாந்து நாட்டு ஐந்தோவன் அமைத்த கருவியின் கோடுகளில் இந்நோயை 1909இல் இனங்கண்டவர் லண்டன் வைத்தியர் தாமஸ் லூயிஸ். சோணையறைச் சுருக்கத்தைக் காட்டும் பி அலை மறைந்து, அவ்விடத்தில் சிற்றலைகள் நெளியும்; ஆர் என்னும் உயர்ந்த முனைகள் ஒழுங்கின்றி வரும்.

பதிவைத் தூய்மை செய்யும் முறை, தேயிலைத் தொழிற்சாலையில் தூளைச் சலிப்பது போன்றதே. 1985இல் பான், டொம்ப்கின்ஸ் என்னும் இருவர் வெளியிட்ட கணிப்புமுறை, வினாடிக்கு ஏறத்தாழ 5 முதல் 15 வரையான அலைகளை மட்டும் நிறுத்திக்கொண்டு, செங்குத்தாக எழும் முனைகளைத் தேடிப் பிடிக்கிறது. மின்கம்பி இரைச்சலும் மூச்சின் அசைவும் இச்சல்லடையில் ஒழிந்துபோம். ஆனால், சோணையறையின் சிற்றலைகள் வினாடிக்கு 4 முதல் 10 வரை; குளிர்நடுக்கமும் அவ்வெல்லைக்குள் விழக்கூடும். தூளின் பருமனிலேயே காம்பும் நாரும் கலந்திருந்தால் சல்லடை என்ன செய்யும்?

ஆகவே சிற்றலைகளை மட்டும் நம்பாமல், முனைக்கு முனை உள்ள இடைவெளியை அளப்பர். குளிரில் நடுங்குபவரின் இதயம் 0.80, 0.81, 0.79 வினாடி என ஏறக்குறைய ஒரே சீராக அடிக்கும்; நோயுற்ற இதயமோ 0.62, 0.94, 0.71, 1.08 எனத் தடுமாறும். இடையிடையே முந்திக்கொண்டு வரும் தனித்துடிப்புகளும் கணிப்பை ஏமாற்றுவதுண்டு. அதனாலேயே 30 வினாடிப் பதிவு வேண்டும் என்பதும், வைத்தியரின் கண் அதைப் பார்க்கவேண்டும் என்பதும்.

விரல்களால் பற்றிப் பதிவெடுக்கும் கையடக்கக் கருவிகள் இன்று வந்துள்ளன. மழையில் நனைந்து வந்த தொழிலாளியின் கையில் அதனை உடனே கொடுப்பது தவறென்பேன். முதலில் ஈரம் துடைத்து, கம்பளி போர்த்தி, கைகளை மேசைமீது தளரவிட்டு அமரச் செய்யவேண்டும். கருவி இல்லாத லயத்திலும் மணிக்கட்டில் நாடியைத் தொட்டுப் பார்க்கலாம். அது எவ்வித ஒழுங்குமின்றித் துள்ளுமாயின், வைத்தியசாலைக்குச் சென்று ஈ.சி.ஜி. எடுக்கக் கேளுங்கள்.