மரத்தூளைப் பிடிக்க ஒரு கூம்பு

ஆணிமணிச்சட்டம், பின்ன வட்டுகள், ஆணிப்பலகை போன்ற கற்பித்தல் துணைக்கருவிகளை மதுரை திருநகரில் உள்ள என் வீட்டின் பின்னறையில் மரத்தில் செய்து வருகிறேன. நம் ஆசிரியர்கள் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. ரம்பம் கையில் பட்டுவிடாமல் கவனமாக இருக்கிறோம். மூச்சில் போகும் மரத்தூளை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995இல் வெளியிட்ட தொகுப்பில், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் மரத்தூளும் இருக்கிறது. முக்கியமாகப் பாதிக்கப்படுவது மூக்கின் உட்பகுதி. இருமல், ஆஸ்துமா, தோல் அரிப்பு ஆகியவையும் வரலாம்.

எந்தத் தூள் ஆபத்தானது?

தரையில் குவியும் தூளைவிட, காற்றில் மிதக்கும் தூளே ஆபத்தானது. அசையாத காற்றில் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து 100 மைக்ரான் துகள் தரைக்கு வர ஏறத்தாழ 6 விநாடி ஆகும். 10 மைக்ரான் துகளுக்கு 8 நிமிடம். 1 மைக்ரான் துகளுக்கோ சுமார் 12 மணி நேரம்! நுரையீரலின் ஆழம் வரை செல்லக்கூடியவை இந்தச் சிறு துகள்களே. உப்புத்தாள் தேய்க்கும்போது இவை மிகுதியாகக் கிளம்பும். விளக்குமாறு அடங்கிய தூளையும் மீண்டும் எழுப்பிவிடும். ஆகவே, தூள் உண்டாகும் இடத்திலேயே அதை உறிஞ்சிவிட வேண்டும்.

கூம்பு எப்படி வேலை செய்கிறது?

வேக்குவம் கிளீனரை இயந்திரத்துடன் நேரடியாக இணைத்தால் அதன் வடிகட்டி விரைவில் அடைத்துக்கொள்ளும். உறிஞ்சும் திறன் குறைந்துவிடும். இதற்காக இரண்டுக்கும் இடையில், மூடியுள்ள 20 லிட்டர் பெயிண்ட் வாளியின் மேல் ஒரு பிளாஸ்டிக் கூம்பைப் பொருத்தியிருக்கிறேன்.

தூள் கலந்த காற்று கூம்பின் பக்கவாட்டில், தொடுகோட்டுத் திசையில் நுழைந்து சுழல்கிறது. காற்று வளைந்து திரும்பும். கனமான துகள்களோ நிலைமத்தால் நேர்கோட்டில் செல்ல முயன்று சுவரில் மோதி, வேகம் இழந்து வாளிக்குள் விழும். காற்று மட்டும் நடுக்குழாய் வழியாக மேலேறி வேக்குவம் கிளீனருக்குப் போகும். நவீன அரிசி ஆலைகளின் கூரைமேல் தெரியும் தகரக் கூம்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. மர அறுவை ஆலைக் கூம்பைக் கண்ட ஜேம்ஸ் டைசன், 5,127 மாதிரிகள் செய்து பார்த்த பிறகே பையில்லாத வேக்குவம் கிளீனரை உருவாக்கினார்.

கவனிக்க வேண்டியவை

• வாளியின் மூடியில் சிறு ஓட்டைகூடக் கூடாது. காற்று கசிந்தால் விழுந்த தூள் மீண்டும் மேலேறிவிடும்.

• குழாய் நீளமும் வளைவுகளும் குறைவாக இருக்கட்டும்.

• சாண்டருக்கும் சிறு ரம்பத்துக்கும் வேக்குவம் கிளீனர் போதும். மேசை ரம்பம், இழைப்பு இயந்திரம் ஆகியவற்றுக்கு 4 அங்குலக் குழாயுள்ள தனி தூசி உறிஞ்சி வேண்டும்.

• மிக நுண்ணிய தூளைக் கூம்பு முழுமையாகப் பிரிக்காது. எனவே வேக்குவம் கிளீனரில் ஹெப்பா வடிகட்டி அவசியம். என்95 முகக்கவசமும் அணிய வேண்டும்.

• வெளியேற்று மின்விசிறியை அண்டை வீட்டுச் சன்னலை நோக்கி வைக்கக் கூடாது.

• பிளைவுட், எம்.டி.எஃப். தூளில் பசை கலந்திருப்பதால் அதை எரிக்கவோ எருக்குழியில் போடவோ வேண்டாம்.

வகுப்பறைக்கு

வேலை முடிந்து அரைமணி நேரம் கழித்து, விளக்கை அணைத்துவிட்டு டார்ச் ஒளியைக் குறுக்கே செலுத்திப் பாருங்கள். ஒளிக்கற்றையில் மிதக்கும் துகள்களே, நம் ஏற்பாடு எந்த அளவுக்குப் பயன்படுகிறது என்று காட்டிவிடும். ஒளிச்சிதறலுக்கும் இது நல்ல செயல்பாடு. ஒன்பதாம் வகுப்பில் வட்ட இயக்கம் நடத்தும்போது இந்தக் கூம்பைக் கொண்டு சென்றேன். தச்சுவேலை செய்பவரின் மகன் ஒருவன், "எங்க அப்பா பட்டறையிலயும் இதை வைக்கலாமா சார்?" என்று கேட்டான். மாணவர்களோடு சேர்ந்து அதன் படத்தை அளவுகளுடன் வரைந்து அவனிடம் கொடுத்தோம்.

தச்சர்களின் பிள்ளைகள் நம் பள்ளிகள் பலவற்றில் படிக்கிறார்கள். நாள் முழுவதும் தூளில் நிற்கும் அவர்களின் பெற்றோரிடம், பெற்றோர் கூட்டத்தின்போது முகக்கவசத்தைப் பற்றியும் இந்தக் கூம்பைப் பற்றியும் ஐந்து நிமிடம் பேசலாம்.