உலைக்கு முன் ஒரு பிடி

தென்காசி, ஆலங்குளம், சுரண்டைப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகள் பலவற்றில் அடுப்படியை ஒட்டி ஒரு சின்னப் பானையோ பழைய டப்பாவோ இருக்கும். உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அந்தப் பானையில் போட்டுவிட்டுத்தான் களைவார்கள். இதுதான் கைப்பிடி அரிசி. மீந்த சோற்றிலிருந்து கொடுப்பதல்ல; பிள்ளைகளுக்கென்று அளந்ததிலிருந்தே எடுப்பது. நாள் முழுக்கச் சொளவை மடியில் வைத்துப் பீடி சுற்றி, அந்தக் கூலியில் அரிசி வாங்கும் பெண்ணுக்கு அந்த ஒரு பிடியும் கணக்குதான். தெரிந்தேதான் எடுக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்கு வரும். கூடவே முதல் காய்ப்பு முருங்கை, முட்டை, சேவல். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம். பாவூர்சத்திரம் சந்தையில் மலிவாகக் கிடைக்கும் தேங்காயைப் பல மடங்கு விலை சொல்லி எடுப்பவர்கள் உண்டு. இப்படிப் பிடி பிடியாகச் சேர்வதன் பலம் சிறிதல்ல. 1903 பிப்ரவரி 12 அன்று திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராமல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கித் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். அதற்கு முன்நின்ற வேதநாயகம் அசரியா பின்னாளில் அங்கேயே பேராயரானார். தோர்ணக்கல் மக்களிடமும் கைப்பிடி அரிசி வழக்கம் வேரூன்றியது.

இன்னொன்று அசனம். ஆண்டுக்கொரு முறை சபையார் எல்லாரும் சேர்ந்து சமைத்து ஊரோடு உட்கார்ந்து உண்பது. ஆனி, ஆடியில் வைத்தால் குற்றாலச் சாரல் பந்தலுக்குள் வந்துவிடும். தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டு அடுப்பை மூட்டுவார்கள். இரவே காய் நறுக்க ஆள் கூடிவிடும். மற்ற மதத்து அண்டை வீட்டாரும் பந்தியில் இருப்பார்கள். நடக்க முடியாத ஆச்சிக்குத் தூக்குச்சட்டியில் சோறு வீடு தேடிப் போகும்.

கொரிந்து சபையைப் பவுல் கடிந்துகொண்டதும் பந்தி விஷயத்தில்தான். வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டார்கள். இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். அன்பு இருக்கிறதா என்று பார்க்கப் பிரசங்கத்தைவிடப் பந்தி நல்ல இடம் என்பது என் உறுதியான எண்ணம். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனெரி ரேனியஸ் ஐயருக்கும் இது தெரிந்திருந்தது. தம்மிடம் படித்த மாணவர்கள் சாதி பாராமல் ஒன்றாக உண்ண வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். கிறிஸ்தவர்களானதால் விரட்டப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்த 1830இல் தர்ம சங்கத்தையும் ஏற்படுத்தினார்.

அவர் போட்ட பந்தி இன்னும் முழுதாக நிரம்பவில்லை. தமிழ்நாட்டுக் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் சாதிக்கொரு பகுதி இருக்கிறது. 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், தலித் கத்தோலிக்கர்கள் சம உரிமை கேட்டதைத் தொடர்ந்து எழுந்த மோதல் துப்பாக்கிச் சூடு வரை போய் இரண்டு உயிர்கள் போயின. ஒரே அப்பத்தில் பங்குகொள்கிறவர்கள் நடுவே நடந்தது இது. நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது.

ஆகவே அசனத்துக்கு எத்தனை மூட்டை அரிசி வெந்தது என்று கேட்பதோடு நான் நிறுத்திக்கொள்வதில்லை. கரண்டி பிடித்தவர் யார், அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்தவர்கள் எந்தெந்தத் தெருக்காரர்கள், அவர்களில் ஒருவர் வீட்டில் சாவு விழுந்தால் மற்றவர் பாடையைத் தூக்க வருவாரா என்றும் கேட்கிறேன். வருவார் என்று தயங்காமல் சொல்லும் சபைகளும் இருக்கின்றன.