புரோ கபடி ஏலத்தில் கார்னர் வீரர்

கார்னர் என்பது கபடியில் பிடிவரிசையின் இரு ஓரங்களிலும் நிற்கும் தடுப்பாட்ட வீரரின் இடம் ஆகும். இடது ஓரத்தில் நிற்பவர் லெஃப்ட் கார்னர், வலது ஓரத்தில் நிற்பவர் ரைட் கார்னர் எனப்படுகிறார். புரோ கபடி லீக் 2014ஆம் ஆண்டு தொடங்கிய பிறகு, ஏலத்தில் பெருந்தொகை பெறுபவர்கள் பெரும்பாலும் ரெய்டர்களாகவே இருந்துவருகின்றனர். இருப்பினும், ஒரு கோடி ரூபாய்க்கு முதன்முதலில் ஏலம் போன வீரர் ஒரு லெஃப்ட் கார்னரே. பிடிக்கிறவரின் மதிப்பு எவ்வாறு கணக்கிடப்படுகிறது, கல்லூரியில் ஆடும் ஒரு மாணவர் அந்த ஏலத்தை எவ்வாறு சென்றடைகிறார் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

ஆடுகளத்தில் கார்னரின் வேலை

ஆண்களுக்கான கபடிக் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. ஓர் அணியில் ஏழு பேர் களத்தில் நிற்பர். பாடிவரும் ரெய்டருக்கு 30 வினாடிகள் உண்டு. போனஸ் கோட்டைத் தொட அவர் காலை நீட்டும் நொடியிலும், திரும்பி ஓடத் தொடங்கும் நொடியிலும் அவருக்கு மிக அருகில் இருப்பவர் பெரும்பாலும் கார்னரே. கணுக்கால் பிடி, தொடைப் பிடி, பின்னாலிருந்து இடுப்பை அணைக்கும் பிடி ஆகியவை அவருடைய ஆயுதங்கள். அவர் பிடித்ததும் பக்கத்தில் உள்ள கவர் வீரர்கள் பாய்ந்து வந்து ரெய்டரைக் கோட்டுக்குத் திரும்பவிடாமல் அமுக்குகின்றனர். கார்னர் அரை நொடி முந்தினால் தானே அவுட்டாகிறார். பிந்தினால் ரெய்டர் தப்பிவிடுகிறார்.

புள்ளிக் கணக்கு இந்த வேலைக்குச் சாதகமாக இல்லை. ரெய்டர் ஒரே பாட்டில் இரண்டு, மூன்று பேரைத் தொட்டு அத்தனை புள்ளிகளையும் எடுக்கலாம்; போனஸ் தனி. ரெய்டரைப் பிடித்தால் கிடைப்பது ஒரு புள்ளிதான். களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பிடித்தால் மட்டும் அது சூப்பர் டேக்கிள் ஆகி இரண்டு புள்ளிகள் தரும். ஒரு போட்டியில் ஐந்து டேக்கிள் புள்ளிகள் எடுத்தாலே தடுப்பாட்டக்காரருக்கு அது ‘ஹை ஃபைவ்’ என்ற சிறப்பு. ரெய்டருக்கு அதே வகைச் சிறப்புக்குப் பத்துப் புள்ளிகள் தேவை. 2017 பருவத்தில் பர்தீப் நர்வால் 369 ரெய்டு புள்ளிகள் குவித்தார். அடுத்த பருவத்தில் உ.பி. யோதா அணியின் ரைட் கார்னர் நிதேஷ் குமார் 100 டேக்கிள் புள்ளிகளைத் தொட்டபோது, ஒரு பருவத்தில் அந்த எண்ணிக்கையை எட்டிய முதல் தடுப்பாட்டக்காரர் அவர்தான். 369க்கும் 100க்கும் உள்ள இடைவெளியைத் திறமையின் இடைவெளி என்று எண்ணிவிடக் கூடாது. கார்னருக்குப் பயந்து ரெய்டர் அந்தப் பக்கமே போகாமல் வெறுங்கையோடு திரும்பிய பாட்டுகள் அவருடைய டேக்கிள் கணக்கில் ஏறுவதில்லை.

அமெரிக்காவில் இதை ஒத்த ஓர் இடம்

அமெரிக்கக் கால்பந்தில் ‘அஃபென்சிவ் டேக்கிள்’ என்ற இடம் உண்டு. பெயரைக் கேட்டுக் குழம்ப வேண்டாம்: கபடியில் டேக்கிள் என்பது பிடிப்பது, அங்கே இந்த வீரர் யாரையும் பிடிக்கக் கூடாது, பிடித்தால் தண்டனை. பந்தை எறியும் குவாட்டர்பேக்கை எதிரணியினர் நெருங்காதபடி தன் உடலால் மறிப்பதே அவர் வேலை. தாக்குதல் வரிசையில் ஐந்து பேர் நிற்பர். இரு முனைகளிலும் நிற்பவர்கள் டேக்கிள்கள். வலது கையால் எறியும் குவாட்டர்பேக் எறியத் திரும்பும்போது அவருடைய முதுகு இடது பக்கம் அமைகிறது. அந்தக் கண்மறைவுப் பக்கத்தைக் காப்பவர் லெஃப்ட் டேக்கிள். பல ஆண்டுகள் பெயர் தெரியாமல் உழைத்த இந்த இடம், பின்னாளில் அணிகள் பெருந்தொகை கொடுத்துத் தேடும் இடமாயிற்று.

அங்கே கல்லூரி வீரர்கள் தொழில்முறை ஆட்டத்துக்கு வருவது ஏலத்தில் அன்று. டிராஃப்ட் எனப்படும் வரிசைத் தேர்வில். 32 அணிகள், ஏழு சுற்றுகள். முந்தைய பருவத்தில் கடைசி இடம் பிடித்த அணிக்கு முதல் வாய்ப்பு, கோப்பை வென்ற அணிக்குச் சுற்றின் கடைசி வாய்ப்பு. பள்ளிப் படிப்பு முடிந்து மூன்று ஆண்டுகள் கழிந்த பிறகே ஒருவர் தகுதி பெறுகிறார். 2011 ஒப்பந்தத்துக்குப் பின் எத்தனையாவது ஆளாக எடுக்கப்படுகிறார் என்பதைப் பொறுத்தே ஊதியம் அமைகிறது. 2013 டிராஃப்டில் முதல் நான்கு இடங்களில் மூன்று பேர் டேக்கிள்கள்: முதலாவதாக எரிக் ஃபிஷர், இரண்டாவதாக லூக் ஜோக்கல், நான்காவதாக லேன் ஜான்சன். ஜோக்கல் காயங்களால் எதிர்பார்த்த உயரத்தை எட்டவில்லை. ஜான்சன் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியோடு இரண்டு சூப்பர் பவுல் வென்றார். அதே அணியின் லெஃப்ட் டேக்கிள் ஜோர்டன் மைலாட்டா 2018இல் 233ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடிக்கொண்டிருந்த அவர் அதற்கு முன் அமெரிக்கக் கால்பந்துப் போட்டி எதிலும் ஆடியதே இல்லை. முனையில் நிற்பவரை எடைபோடுவது தேர்ந்த கண்களுக்கும் எளிதன்று.

ஏலம் நடக்கும் முறை

புரோ கபடியில் எல்லா அணிகளுக்கும் ஒரே அளவு பணம் ஒதுக்கப்படுகிறது. 2023, 2024 ஏலங்களில் அது அணிக்கு 5 கோடி ரூபாய். வீரர்கள் ஏ, பி, சி, டி என நான்கு பிரிவுகளில் வருகின்றனர். ஏ பிரிவின் அடிப்படை விலை 30 லட்சம், டி பிரிவுக்கு 9 லட்சம். சில வீரர்களை அணிகள் ஏலத்துக்கு முன்பே தக்கவைத்துக்கொள்ளலாம். ஏலத்துக்குப் போய்விட்ட பழைய வீரரை, வேறு அணி கேட்ட கடைசி விலையைத் தானே தந்து திரும்பப் பெறும் ‘ஃபைனல் பிட் மேட்ச்’ உரிமையும் உண்டு. வீரர் தன் அணியைத் தேர்ந்துகொள்ள முடியாது என்பதில் மட்டும் இது அமெரிக்க முறையை ஒத்தது.

2018 மே மாத ஏலத்தில் ஈரானின் லெஃப்ட் கார்னர் ஃபசல் அட்ராச்சலியை யு மும்பா அணி ஒரு கோடிக்கு எடுத்தது. அதற்கு முன் எவரும் அந்தத் தொகையைத் தொட்டதில்லை. ஆனால் அதே ஏலத்திலேயே ரெய்டர் மோனு கோயத் 1.51 கோடிக்குப் போனார்.

2023இல் ரெய்டர் பவன் செராவத்தைத் தெலுகு டைட்டன்ஸ் 2.605 கோடிக்கும், ஈரானின் லெஃப்ட் கார்னர் முகமதுரேசா ஷாட்லூயியைப் புனேரி பல்டன் 2.35 கோடிக்கும் வாங்கின. புனேரி கோப்பை வென்றது. டைட்டன்ஸ் பட்டியலின் அடியில் முடிந்தது. 2024இல் ரெய்டர் சச்சின் தன்வரை 2.15 கோடிக்குத் தமிழ் தலைவாஸ் எடுக்க, ஷாட்லூயி 2.07 கோடிக்கு ஹரியானா ஸ்டீலர்ஸ் அணிக்குப் போனார். ஹரியானா கோப்பை வென்றது. தலைவாஸ் பிளேஆஃப் சுற்றுக்கே வரவில்லை. புனேரியில் அவருக்கு முன்பே நல்ல இளைஞர் கூட்டம் இருந்தது, எனவே எல்லாப் புகழையும் ஒருவருக்கே தருவது மிகை. ஆனாலும் சென்னை ரசிகர்கள் இந்த இரண்டு ஆண்டுகளை யோசித்துப் பார்க்கலாம்.

கல்லூரியிலிருந்து ஏலம் வரை

ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ மண் தரையில் ஆடும் ஒரு மாணவர் பழைய வண்ணாரப்பேட்டை சர் தியாகராயா கல்லூரியில் சேர்வதாகக் கொள்வோம். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளில் கண்ணில் பட்டால் சென்னைப் பல்கலைக்கழக அணி; அங்கிருந்து தென்மண்டலப் போட்டி, பிறகு அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டி, அதில் முன்னணியில் வரும் அணிகளுக்குக் கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள். 2022 ஆகஸ்ட் ஏலத்தில், அந்த விளையாட்டுகளில் முதல் இரண்டு இடங்களைப் பிடித்த அணிகளின் 24 வீரர்களும் ஏலப் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். இது தவிர, ‘நியூ யங் பிளேயர்’ என்ற பிரிவில் அணிகள் புதியவர்களை ஏலத்துக்கு வெளியே எடுத்துக்கொள்கின்றன.

மண்ணில் பழகிய கார்னருக்கு முதல் சிக்கல் மேட். காலூன்றும் முறை மாறுகிறது. ரெய்டர் திரும்பும் வேகமும் கூடுகிறது. இரண்டாவது சிக்கல் வீட்டில். லீக் ஒப்பந்தம் சில பருவங்களுக்கானது. ஒரு முழங்கால் காயம் அதை முடித்துவிடலாம். 2.26 கோடிக்குத் தலைவாஸ் அணிக்கு வந்த பவன் செராவத்தே 2022இல் முதல் போட்டியிலேயே முழங்காலில் அடிபட்டு அந்தப் பருவம் முழுதும் ஆடவில்லை. ஆகவே தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., காவல்துறை ஆகியவற்றின் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையைக் குடும்பங்கள் பெரிதாக நினைப்பதில் வியப்பில்லை. பட்டப்படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஏலத்தை நம்பும் மாணவருக்கு அந்த வாசலும் குறுகிவிடும்.

கார்னருக்கு ஒரு வசதி உண்டு. பாய்ச்சல் குறைந்தாலும் கணிப்பு இருந்தால் நிற்கலாம். தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த கார்னர் வீரர் தர்மராஜ் சேரலாதன் 1975இல் பிறந்தவர். 2016இல் பாட்னா பைரேட்ஸ் கோப்பை வென்றபோது அணித் தலைவர் அவரே. 2024 பருவத்தில் தமிழ் தலைவாஸ் அணியின் பயிற்சிக் குழுவில் இடம்பெற்றார்.