அறுந்த கம்பிக்கு ஜவாப்தாரி யார்?

கடலூர் மஞ்சக்குப்பத்திலாகட்டும், சிதம்பரம் தேர் வீதிகளை ஒட்டிய சந்துகளிலாகட்டும், மாதச் சந்தாவை முன்பணமாகக் கட்டிவிட்டு, பெட்டியில் எரியும் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள் அநேகம். வீட்டு இன்டர்நெட் நின்றுவிட்டது என்று சொன்னால், முதல் நாள் "பார்க்கிறோம்" என்கிறார்கள். இரண்டாம் நாள் "ஆள் வருவார்" என்கிறார்கள். மூன்றாம் நாள் போனை எடுப்பாரில்லை. சந்தா வசூலில் மட்டும் ஒரு தேதி பிசகுவதில்லை. நம் ஜனங்களோ இதை மழை வெயில் போல் பாவித்துப் பொறுத்துக்கொள்கிறார்கள். இப்படிப் பொறுத்திருக்க எவ்வித அவசியமும் இல்லை என்பதே நமது அபிப்பிராயம்.

இன்டர்நெட் பணக்காரர் வீட்டு விநோதம் என்று தள்ளிவிடக்கூடிய காலம் போய்விட்டது. 1995-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி விதேஷ் சஞ்சார் நிகம் இதைப் பொது ஜனங்களுக்குத் திறந்துவிட்டபோது, பெரிய நகரங்களில் சிலருக்கே எட்டியது. இன்றோ பட்டா நகல், சாதிச் சான்றிதழ், பரீட்சை விண்ணப்பம், பயிர் இன்ஷ்யூரன்ஸ் யாவும் அதன் வழியாகவே நடைபெறுகின்றன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தொலைதூரக் கல்வி பயிலும் மாணவருக்கும், பண்ருட்டி முந்திரி வியாபாரிக்கும் அது அன்றாடத் தேவை. இன்டர்நெட் மூலம் பேசும் உரிமைக்கும் தொழில் செய்யும் உரிமைக்கும் அரசியல் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்று 2020 ஜனவரி 10-ந் தேதி, காஷ்மீர் சம்பந்தமான வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. சர்க்கார் நிறுத்தினால் கேள்வி கேட்கலாம், கம்பெனி நிறுத்தினால் கேட்கக்கூடாதா?

இயற்கையின் சீற்றத்துக்குக் கம்பெனிக்காரரை நாம் குற்றம் கூற வரவில்லை. 2011 டிசம்பர் 30-ந் தேதி 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது, மின் கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பலாவும் முந்திரியும் வேரோடு பெயர்ந்தன. 2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணை கரை புரண்டு கடலூரின் பல பகுதிகளை மூழ்கடித்தது. அப்பேர்ப்பட்ட நாட்களில் இன்டர்நெட் இல்லையென்று சண்டை பிடிப்பவனை நாமும் ஆதரிக்கமாட்டோம். வானம் தெளிந்திருக்கும் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையில் கம்பி ஏன் மௌனமாகிறது என்பதே நமது கேள்வி.

கம்பி பல கை மாறி வருகிறது. நெடுஞ்சாலை ஓரத்தில் புதைந்துள்ள பெரிய இழை ஒருவருடையது. ஊருக்குள் அதைப் பிரித்துக் கொடுப்பவர் வேறொருவர். கம்பத்திலிருந்து வீட்டு வாசலுக்கு இழுத்துக் கட்டியவர் உள்ளூர்க் கேபிள்காரர். எங்கே அறுந்தாலும் ஒவ்வொருவரும் அடுத்தவரைச் சுட்டிக்காட்டலாம். இதற்கு மேல் நமது தெருக்களின் யோகம்! குடிதண்ணீருக்கு ஒருமுறை, சாக்கடைக்கு ஒருமுறை, சாலை அகலப்படுத்த ஒருமுறை என்று தோண்டுகிறார்கள். ஜே.சி.பி. யந்திரத்தின் பல்லுக்குத் தண்ணீர்க் குழாயும் கண்ணாடி இழையும் ஒன்றுதான். தோண்டுமுன் கேபிள் சொந்தக்காரருக்கு அறிவிக்க வேண்டுமென்று 2023 மார்ச்சில் மத்திய சர்க்கார் ஒரு செயலியையே வெளியிட்டது. செயலி டில்லியில் பிறந்தது. மண்வெட்டி நம் ஊரில் இருக்கிறது. இரண்டுக்கும் இன்னும் சரியான அறிமுகம் ஏற்படவில்லை.

பொது ஜனங்களின் சொத்தான பி.எஸ்.என்.எல். விஷயத்தில் நமக்கு வருத்தமே அதிகம். மற்றவர் லாபமில்லையென்று எட்டிப் பார்க்காத கிராமங்களுக்கும் கம்பி இழுத்தது அதுதான். ஆனால் 2020 ஜனவரி 31-ந் தேதி, விருப்ப ஓய்வுத் திட்டத்தின் கீழ், தேசமெங்கும் சுமார் 78 ஆயிரம் ஊழியர்கள், அதாவது ஏறக்குறையப் பாதிப் பேர், ஒரே நாளில் வெளியேறினார்கள். எந்தக் கம்பத்தில் எந்த இணைப்பு என்று மனப்பாடமாக அறிந்த லைன்மேன்களும் அவர்களில் உண்டு. இரண்டு மாதம் கழியுமுன் தேசம் ஊரடங்கிற்குள் நுழைந்து, பள்ளிக்கூடமே கம்பி வழியாக வீட்டுக்கு வந்தது. அனுபவசாலிகளை அனுப்பிவிட்டு வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்டதன் பலனை இன்றும் சந்தாதாரர் அனுபவிக்கிறார்.

இனி சட்டத்தின் நிலைமையைக் கவனிப்போம். டெலிபோன் தகராறுகளை நுகர்வோர் கோர்ட்டுகள் விசாரிக்க முடியாதென்று 2009-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. கம்பெனிகள் அதைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டன. 2022 பிப்ரவரி 16-ந் தேதி அதே கோர்ட்டு, தனியார் தொலைத்தொடர்புக் கம்பெனி ஒன்றின் வழக்கில், நுகர்வோர் மன்றத்துக்கு அதிகாரம் உண்டென்று தீர்த்துவிட்டது. 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாடிக்கைக்காரர் தாம் குடியிருக்கும் ஜில்லாவிலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரையில் இருந்தால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் வகுத்து, அவ்வருஷம் அக்டோபர் முதல் அமுலுக்கு வந்த விதிகளோ இன்னும் ஒரு படி மேலே போகின்றன. கம்பெனி பக்கத்துக் கோளாறு மூன்று நாளுக்குள் சரியாகாவிட்டால் வீட்டுக் கம்பி இணைப்புக்காரருக்கு ஈடு தரவேண்டும். விதிமீறலுக்கு அபராதம் ஒரு லட்சத்திலிருந்து பத்து லட்சம் வரை போகலாம்.

இத்தனை இருந்தும் கடலூர்வாசிக்கு ஒரு ரூபாய் கழிவு கிடைப்பது அபூர்வமாயிருப்பதேன்? மூன்று நாள் என்பதை எங்கிருந்து எண்ணுவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. பதிவான புகாருக்கே நாட்கணக்கு உண்டு. நம்மவர்கள் புகார் செய்வது யாரிடம்? தெருமுனையில் எதிர்ப்படும் கேபிள்காரரிடம். "தம்பி, கொஞ்சம் வந்து பாரப்பா" என்ற வார்த்தை எந்தக் கணக்கிலும் ஏறாது. கம்பெனியின் புகார் நிலையத்தில் சொல்லி எண் வாங்கவேண்டும். 2012-ம் வருஷத்து விதிப்படி அந்த எண்ணைக் கொடுப்பது கம்பெனியின் கடமை. அதிலும் திருப்தியில்லையேல், கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரி 39 நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். கேபிள்காரரிடம் கோபித்துப் பயனில்லை; அவரும் நம்மைப்போல் மேலே போன் போட்டுக் காத்திருப்பவர்தான்.

ஆணையத்தின் விதிகளிலும் ஒரு பெருங்குறை உண்டு. வீட்டுக் கம்பிச் சேவையின் தரத்தை உரிமப் பகுதி வாரியாகவே கணக்கிடுகிறார்கள். தமிழ்நாடு முழுவதும் சென்னை உள்பட ஒரே பகுதி. சென்னையில் சில மணி நேரத்தில் தீர்ந்த ஆயிரம் புகார்களைச் சிதம்பரத்தில் பத்து நாள் கிடந்த ஐம்பது புகார்களோடு சேர்த்துச் சராசரி பார்த்தால், சிதம்பரம் காணாமல் போய்விடும். கம்பெனி தேர்வில் பாஸ், சந்தாதாரர் இருட்டில்!

ஆகவே கடலூர், சிதம்பரம் வாடிக்கைக்காரர்கள் ஒன்றுசேர்ந்து கேட்கவேண்டியது ஒன்று உண்டு. இந்த ஜில்லாவில் சென்ற மூன்று மாதங்களில் எத்தனை புகார்கள் பதிவாயின, எத்தனை மூன்று நாளுக்குள் தீர்ந்தன, எத்தனை பேருக்குச் சந்தாவில் கழித்துக் கொடுக்கப்பட்டது என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் உள்ளூர் ஆபீஸ் வாசலில் தமிழில் எழுதி ஒட்டட்டும். மறுத்தால், ஆணையம் அவ்வாறு கட்டளையிடவேண்டுமென்று நமது பார்லிமெண்டு அங்கத்தினர்கள் டில்லியில் கேட்கட்டும்.