நோய் நீங்கிய விழித்திரையும் பார்வையும்

நோய் நீங்கினால் உறுப்புத் தன் பழைய நிலையை எய்திவிடும் என்பது பொதுவாக நாம் கொண்டுள்ள எண்ணம். கண்ணைப் பொறுத்தமட்டில் இவ்வெண்ணம் முற்றும் பொருந்துவதன்று. நோய் தணிந்தது என்று மருத்துவர் கூறிய பின்னும், எழுத்து மங்கலாகவே தோன்றுகிறது என்று வருந்துவார் உளர். அவர் கூற்றை வீண் மயக்கம் என்று இகழ்தல் தகுமோ? ஒரு நோயை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வாம்.

கண்ணின் உட்புறத்தே மெல்லிய படலமாக விரிந்து ஒளியை ஏற்பது விழித்திரை. அதன் நடுவே சிறு குழி ஒன்று உண்டு. நூல் வாசிப்பதும், முகம் அறிவதும் இக்குழியின் உதவியாலேயே. விழித்திரையின் பிற அடுக்குக்கள் இங்கே பக்கங்களில் ஒதுங்கி நிற்றலின், குழியின் நடுவிடம் பெரும்பாலும் ஒளியுணரும் உயிரணுக்களால் ஆகியது. அவ்விடத்தின் தடிப்பு ஏறத்தாழ 200 மைக்ரான். அஃதாவது, ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு கூறு. இவ்வணுக்களுக்கு நேரே இரத்தக் குழாய்கள் இல்லை. பின்னுள்ள குருதிப் படலத்தினின்றே அவை ஊட்டம் பெறுகின்றன.

அப்படலத்தினின்று நீர் கசிந்து விழித்திரையின் அடியில் தேங்கி, அதனைக் கொப்புளம்போல் உயர்த்தும் நோய் ஒன்று உண்டு. 1866-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே இதனை விவரித்தார். இது நடுவயது ஆடவரை மிகுதியும் பற்றும். ஸ்டிராய்டு மருந்து உட்கொள்வாரிடத்தும் காணப்படும். பார்வையின் நடுவே கறை தோன்றும். நேர்கோடு வளைந்து காணும். பெரும்பாலும் சில மாதங்களில் நீர் தானே வற்றிவிடும். பலர் நல்ல பார்வையை மீளப் பெறுவர்.

விழித்திரையைத் தொடாமலே அதன் அடுக்குக்களை ஒளியால் அளக்கும் 'ஓ.ஸி.டி.' என்னும் முறை 1991-இல் வெளியிடப்பட்டது. நோயுற்ற காலத்தில் தேங்கிய நீரையும் சேர்த்து அளந்தால் தடிப்பு மிகும். அது குறைதல் நற்குறி. நீர் வற்றிய பின்போ, அவ்வளவின் பொருள் மாறிவிடுகின்றது. வெள்ளம் வடிந்ததைக் கண்டு வயல் பிழைத்தது என்று உழவன் மகிழ்வதில்லை. நாற்று அழுகாமல் நிற்கின்றதா என்றே நோக்குவான். அதுபோலவே, நீர் நெடுநாள் தேங்கியபோது ஊட்டம் குன்றிய உயிரணுக்களுட் சில மடிகின்றன. அவை மடிந்த அளவுக்கு நடுவிடம் மெலிகின்றது. பார்வையும் அதற்கேற்பக் குன்றுகின்றது. நோய் தணிந்த கண்களை ஆராய்ந்தோர், நடுவிடம் மெலிந்தவற்றிலே பார்வைக் கூர்மை குறைந்திருத்தலைக் கண்டனர். ஆகவே, முன்னர் நற்குறியாயிருந்த மெலிவே பின்னர் இழப்பின் குறியாகின்றது.

எனினும், தடிப்பு ஒன்றையே கொண்டு பார்வையை அளவிடலாகாது. ஒளியுணரும் அணுக்களின் வரிசை அறுபடாமல் இருத்தலும் வேண்டும். தடிப்பில் ஒத்த இரு கண்கள் பார்வையில் வேறுபடுதலும் உண்டு. கருவி காட்டும் எண்ணோடு நோயாளியின் சொல்லையும் கேட்டறிதல் இதனால் இன்றியமையாததாகின்றது.

மடிந்த அணுக்களை மீட்கும் வழி இன்னும் மருத்துவர் கைக்கு எட்டவில்லை. எஞ்சியவற்றைக் காத்தலே இயலும். ஆதலின் பார்வையின் நடுவே கறையேனும் கோட்டில் வளைவேனும் தோன்றுமாயின், ஒரு கண்ணை மூடி மறு கண்ணாற் சோதித்துப் பார்த்து, காலந் தாழ்த்தாது கண் மருத்துவரை நாடுக; உட்கொள்ளும் மருந்துகளையும் அவரிடம் மறையாது கூறுக. தானே தணியும் நோய்தானே என்று வாளா இருப்பின், நீர் நீங்கும். அது தங்கிய காலத்தில் அழிந்தவை மீளா.