சாய்வு மிதிவண்டிக்கு ஓர் இருக்கை

மிதிவண்டி ஏறி அறியாதார் நம்முள் மிகச் சிலரே. ஏறிப் பழகியவர் அதன் நன்மையையும் அறிவர். அது தரும் துன்பத்தையும் அறிவர். நெடுந்தொலைவு செல்லும்போது, கால்கள் களைப்பதற்கு முன்பே அமர்ந்த இடம் நோகத் தொடங்குகிறது. குனிந்து கைப்பிடியை ஊன்றுவதனால் மணிக்கட்டும் கழுத்தும் வலிக்கின்றன. கால்களில் வலிமை எஞ்சியிருந்தும், அமர முடியாமையால் பயணம் நின்றுவிடுகிறது. உழைக்கும் உறுப்பு ஒன்று. வருந்தும் உறுப்பு வேறொன்று. இக்குறையை நீக்க எண்ணியவர்கள் கண்ட வழியே சாய்வு மிதிவண்டி.

சாய்வு நாற்காலியில் ஒருவர் அமர்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். அவர் முதுகு முழுவதும் தாங்கப்பட்டிருக்கிறது. கால்கள் முன்னே நீண்டிருக்கின்றன. கைகளில் சுமை இல்லை. அந்நாற்காலியின் கீழே இரு சக்கரங்களையும், நீட்டிய கால்களுக்கு எதிரே மிதிகளையும் அமைத்தால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அவ்வாறு அமைந்ததே சாய்வு மிதிவண்டி.

ஒரு பழைய வெற்றி

இவ்வண்டி நேற்றுத் தோன்றியது அன்று. 1930-களின் தொடக்கத்தில் பிரான்சு நாட்டில் சார்ல் மோஷே என்பவர் இதனைச் செய்து விற்றார். தம் மகனுக்காக, மிதித்து ஓட்டும் நான்கு சக்கர வண்டி ஒன்றை அவர் முன்னரே செய்திருந்தார். அவ்வழியில் வளர்ந்ததே அவருடைய இருசக்கரச் சாய்வு வண்டி. 1933 ஆம் ஆண்டு சூலை 7 ஆம் நாள், பாரிஸ் நகரத்து ஓட்டக்களத்தில், ஃபிரான்சிஸ் ஃபோர் என்னும் வீரர் அவ்வண்டியில் ஏறி ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் தொலைவு ஓட்டினார். அவர் முதல் வரிசை வீரர் அல்லர். எனினும், சுவிட்சர்லாந்து வீரர் ஆஸ்கர் எக் 1914 இல் ஓட்டிய 44.247 கிலோமீட்டர் என்னும் எல்லையை அவர் கடந்துவிட்டார். பத்தொன்பது ஆண்டுகள் அவ்வெல்லை கடக்கப்படாமல் இருந்தது. உடல் சாய்ந்து தாழ்ந்திருந்தமையால் காற்றின் தடை குறைந்ததே இவ்வெற்றிக்குக் காரணம்.

ஆனால், 1934 இல் பன்னாட்டு மிதிவண்டி ஒன்றியம் பந்தய வண்டிக்கு இலக்கணம் வகுத்து, சாய்வு வண்டியை அப்பந்தயங்களினின்று விலக்கியது. பந்தயத்தில் இடம் பெறாத வண்டியைப் பெரிய தொழிற்சாலைகள் விரும்பிச் செய்யவில்லை. ஆயினும் அது மறைந்துவிடவில்லை. பல நாடுகளில் ஆர்வமுடையோர் பழைய மிதிவண்டிகளை அறுத்தும் இணைத்தும் தம் வீட்டிலேயே சாய்வு வண்டிகளைச் செய்து ஓட்டிவருகின்றனர்.

அவ்வாறு செய்வோர் பெரும்பாலும் ஒரு பிழை புரிகின்றனர். சட்டத்தையும் சங்கிலியையும் சக்கரத்தையும் பல நாள் முயன்று செம்மையாக அமைக்கின்றனர். இருக்கையை மட்டும் இறுதியில் எண்ணுகின்றனர். ஒரு பலகையை வைத்து, அதன்மேல் கிடைத்த பஞ்சை அடைத்துக் கட்டிவிடுகின்றனர். வண்டி ஓடும், ஏறியவரோ அரைமணி நேரத்தில் இறங்கிவிடுவார். பின்னர் அவ்வண்டி மூலையில் கிடக்கும். ஆதலின், இருக்கையைப் பற்றித் தனியே ஆராய்வது இன்றியமையாதது.

இருக்கையின் மூன்று கடமைகள்

இருக்கையின் முதற்கடமை எடையைப் பரப்புதல். எளிய கணக்கு ஒன்றைக் காண்போம். ஒருவருடைய உடலில் 48 கிலோ எடை இருக்கையின்மேல் அமைவதாகக் கொள்வோம். அது 160 சதுர சென்டிமீட்டர் பரப்பில் மட்டும் தங்கினால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 300 கிராம் எடை அழுத்தும். அவ்வெடையே 1,200 சதுர சென்டிமீட்டர் பரப்பில் பரவினால், அழுத்தம் 40 கிராமாகக் குறைந்துவிடும். அழுத்தம் மிகுந்த இடத்தில் குருதி ஓட்டம் தடைப்படும். முதலில் மரத்துப்போதலும் பின்னர் நோவும் தோன்றும். ஆகவே, இருக்கை உடலை எங்கும் தழுவி நிற்கவேண்டும்.

இரண்டாவது கடமை உதைப்பைத் தாங்குதல். நிமிர்ந்த மிதிவண்டியில் நம் உடல் எடையே மிதியைக் கீழே அழுத்த உதவுகிறது. சாய்வு வண்டியிலோ கால் முன்னோக்கி உதைக்கிறது. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்பது நியூட்டன் கண்ட விதி. 30 கிலோ எடைக்கு நிகரான விசையால் மிதியைத் தள்ளினால், அதே விசை நம் முதுகைப் பின்னோக்கித் தள்ளும்; அதனை ஏற்பது இருக்கையின் முதுகுப்பகுதியே. நிமிடத்திற்கு 60 சுற்று மிதித்தால் இரு கால்களும் சேர்ந்து 120 முறை உதைக்கும். ஒரு மணி நேரத்தில் 7,200 முறை. முதுகுக்குப் பின்னால் இருப்பது மிகவும் மென்மையான மெத்தையாயின், ஒவ்வோர் உதைப்பிலும் ஒரு பகுதி அம்மெத்தையை நசுக்குவதிலேயே வீணாகிவிடும். படகோட்டுபவர் காலை ஊன்றுவதற்கு உறுதியான கட்டை வேண்டும் அன்றோ? இங்கே முதுகுக்கு அத்தகைய ஊன்று வேண்டும்.

மூன்றாவது கடமை வியர்வைக்கு வழிவிடுதல். முதுகு முழுவதும் இருக்கையில் படிவதனால் காற்று புக இடமின்றி வியர்வை தேங்கும். நனைந்த தோல் துணியோடு உராய்ந்து புண்ணாகும்.

இம்மூன்றையும் எண்ணினால் ஓர் உண்மை விளங்கும். மென்மை வேறு, இனிமை வேறு. அமர்ந்தவுடன் இனிதாகத் தோன்றும் தடித்த மெத்தை, ஒரு மணி நேரத்தில் துன்பம் தரலாம். இனிமை முதலில் இருக்கையின் வடிவத்திலிருந்து பிறக்கிறது. மெத்தை அவ்வடிவத்திற்குத் துணை செய்வது மட்டுமே.

உடலை அளத்தல்

ஆகவே, செய்வோர் முதலில் நாடவேண்டியது பஞ்சுக் கடையை அன்று, ஓட்டுபவர் உடலை. முதுகெலும்பு நேர்கோடு அன்று. இடுப்பருகே அது முன்னோக்கி வளைகிறது. மேல்முதுகில் பின்னோக்கி வளைகிறது. தட்டையான பலகையில் சாய்ந்தால் இடுப்பு வளைவு தாங்கலின்றி நிற்கும்.

ஓட்டுபவரைச் சாய்ந்த நிலையில் அமர்த்தி, எளிதில் வளையும் தடித்த செப்புக் கம்பி ஒன்றை அவர் முதுகெலும்பின் வழியே மெல்ல அழுத்தினால், கம்பி அவ்வளைவைப் பெறும். அதனைப் பெரிய தாளின்மேல் வைத்து வரைந்துகொள்ள வேண்டும். அடுத்து, உள்ளே அலைமடிப்பு உள்ள பெட்டியட்டையைக் கெட்டியான தரையில் இட்டு, அதன்மேல் அவரைச் சிறிது நேரம் அமரச் செய்யலாம். எழுந்தபின் அட்டையில் இரு குழிகள் தெரியும். அவை இடுப்பெலும்பின் அடிமுனைகள் பதிந்த இடங்கள். மிகுந்த அழுத்தம் அங்கேதான் ஏற்படும் என்பதை அக்குழிகள் காட்டும்.

சாய்வின் அளவையும் முடிவு செய்யவேண்டும். முதுகு மிக நிமிர்ந்திருந்தால் எடை முழுவதும் அடிப்பகுதியில் இறங்கும். மிகச் சாய்ந்திருந்தால் கழுத்து நோகும். வழியைப் பார்ப்பதும் அரிதாகும். புதிதாகப் பழகுவோர்க்குத் தரையோடு ஏறக்குறைய 45 பாகைச் சாய்வு ஏற்றது. உடல் முன்னோக்கி வழுக்காதபடி அமருமிடத்தின் முன்விளிம்பு சற்று உயர்ந்திருத்தல் நன்று.

பலகை அமைத்தல்

பிளைவுட் என்று நாம் வழங்கும் ஒட்டுப்பலகையில் 12 மில்லிமீட்டர் தடிப்புள்ளதைத் தேர்ந்து, முன்பு வரைந்த வளைவின்படி ஒரே அளவான இரு விலாச்சட்டங்களை அறுத்துக்கொள்ள வேண்டும். அவற்றை இணையாக நிறுத்தி, அவற்றின் குறுக்கே மெல்லிய மரச்சட்டங்களைத் திருகாணியால் பொருத்தவேண்டும். சட்டங்களுக்கிடையே அரை சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் காற்று உலவும். திருகாணியின் தலை மரத்துக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும். விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து உருட்டி, மழைக்குத் தாங்கும்படி வார்னிஷ் பூசவேண்டும்.

அகலம் 25 முதல் 30 சென்டிமீட்டர் போதும். அமருமிடம் முன்னே நீண்டுவிடக் கூடாது. நீண்டால் அதன் விளிம்பு தொடையின் அடியை அழுத்தும், கால் மரத்துப்போகும். தொடைகள் தடையின்றி இயங்குமாறு முன்பகுதியைச் சற்றுக் குறுக்கி, கீழ்நோக்கி வளைத்து விடுதல் வேண்டும்.

மெத்தையும் உறையும்

இலவம் பஞ்சை அடைத்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். படுக்கைக்கு அது சிறந்தது. ஆனால் ஓரிடத்தில் மீண்டும் மீண்டும் அழுத்தினால் அது ஒதுங்கித் திரண்டுவிடும். ஆதலின், ஃபோம் எனப்படும் நுரைப்பஞ்சே இதற்கு ஏற்றது. அதனையும் இரண்டு அடுக்காக இடவேண்டும்.

அடியடுக்கு, உடற்பயிற்சி விரிப்புகளில் உள்ளது போன்ற கெட்டியான நுரைத்தகடு. அதன் கண்ணறைகள் மூடியவை. ஆகையால் நீரை உறிஞ்சாது. 1 சென்டிமீட்டர் தடிப்பு போதும். மேலடுக்கு, கண்ணறைகள் திறந்த மென்மையான நுரைப்பஞ்சு. அமருமிடத்தில் இது 2 அல்லது 3 சென்டிமீட்டர் இருக்கலாம். முதுகுப்பகுதியில் இதனினும் மெல்லியதாக இருக்கவேண்டும். ஏன்? உதைப்பைத் தாங்கும் இடம் அதுவன்றோ! அமருமிடத்து மெத்தையை முழங்காலால் அழுத்திப் பாருங்கள். அடியிலுள்ள மரம் தட்டுப்பட்டால் மேலடுக்கு போதாது என்பது பொருள். கெட்டியான வகையைத் தேடவேண்டும்.

முதுகெலும்பு செல்லும் நடுக்கோட்டில் 2 அல்லது 3 சென்டிமீட்டர் அகலத்திற்கு மெத்தையை வெட்டி நீக்கினால், ஒரு கால்வாய் போன்ற பள்ளம் உண்டாகும். எலும்பின் புடைப்புகள் அழுந்தாமல் இருக்கவும், காற்று மேலும் கீழும் செல்லவும் அப்பள்ளம் உதவும். கயிற்றுக் கட்டிலில் படுத்தால் வேனிற்காலத்திலும் முதுகு குளிர்ந்திருப்பதை நாம் அறிவோம். அதே நெறிதான் இங்கும் பயன்படுகிறது. குழாய்ச் சட்டத்தில் உறுதியான வலைத்துணியை இழுத்துக் கட்டி, மெத்தையே இன்றி இருக்கை செய்வாரும் உளர்.

அடுக்குகளை ஒட்டும்போது பசையை ஓரங்களில் மட்டும் தடவவேண்டும். எங்கும் தடவினால் பசை உலர்ந்து கெட்டிப்பட்டு மென்மையைக் கெடுக்கும். உறைக்கு வலைத்துணி சிறந்தது. அதனை நிலையாகத் தைத்துவிடாமல், பின்புறத்தில் துளைகளிட்டுக் காலணியின் கயிற்றைப் போலக் கோத்துக் கட்டினால், வேண்டும்போது கழற்றித் துவைக்கலாம்.

பொருத்தலும் ஓட்டிப் பார்த்தலும்

இருக்கையைச் சட்டத்தோடு இணைப்பதில் சிறிதும் சோர்வு கூடாது. முதுகுப்பகுதிக்குப் பின்புறத்திலிருந்து இரண்டு தாங்குகம்பிகள் கட்டாயம் வேண்டும். போல்ட்டின் தலை மரத்தைக் கிழித்து வெளிவராதபடி அகன்ற வாஷர் இடவேண்டும். அதிர்ச்சியால் கழலாத பூட்டு நட்டுகளைப் பயன்படுத்தவேண்டும். ஓடும்போது இணைப்பு விட்டுப்போனால் ஓட்டுபவர் பின்னோக்கிச் சாய்ந்து தெருவில் விழுவார். எனவே, ஒவ்வொரு பயணத்திற்கு முன்னும் அவ்விணைப்புகளைக் கையால் அசைத்துப் பார்த்தல் வழக்கமாக வேண்டும். மிதி மிகத் தொலைவில் இருக்கும்போதும் முழங்கால் சற்று மடங்கியிருக்குமாறு இருக்கையை முன்னோ பின்னோ நகர்த்திப் பொருத்தவேண்டும்.

மெத்தையை முதலில் தற்காலிகமாகக் கட்டி, வண்டிகள் செல்லாத திடலில் கால்மணி நேரம் ஓட்டிப் பார்க்கலாம். எங்கே நொந்தது, எங்கே மரத்தது, எங்கே நனைந்தது என்பவற்றைக் குறித்துக்கொள்ளவேண்டும். பின்னர் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும். சாய்வையும் மெத்தையையும் ஒருங்கே மாற்றினால், நோவு நீங்கியது எதனால் என்பது விளங்காது. ஒன்றை மாற்றி, ஓட்டி, குறித்து, மறுபடியும் மாற்றுவதே ஆராய்ச்சியாளர் கைக்கொள்ளும் முறை. இது பொறுமையை வேண்டும்; ஆனால் தவறாது பயன் தரும்.

கடையில் விற்கும் இருக்கை யாரோ ஒருவருக்காகச் செய்யப்பட்டது. அளந்து செய்த இருக்கையோ அதில் அமர்பவருக்காகவே பிறந்தது. மணிக்கட்டு நோவினாலோ கழுத்து வலியினாலோ மிதிவண்டியைக் கைவிட்ட ஒருவர் உங்கள் இல்லத்திலும் இருக்கலாம். அவர் மீண்டும் ஒருநாள் வண்டியேறிக் காற்று வாங்கிவர, ஒட்டுப்பலகையும் நுரைப்பஞ்சும் செப்புக் கம்பியும் துணை செய்யக்கூடும். அதற்கு வேண்டுவது பெரும்பொருள் அன்று. பிறர் உடலின் நோவை அறிய முயலும் கருத்தும், அதற்கேற்பத் திருத்தும் கையுமே.